அமைதி நிலை

சுடலைமணி அண்ணாச்சியின் கையில் நான் அடித்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் என் முழங்காலில் பொய் சொன்னால் எனக்கு எப்படிக் கோபம் வராமல் இருக்கும்?

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஷெர்லின், ஊர் பாளையங்கோட்டை. பிறக்கும்போதே கூட வந்த ஒரு நோய் பதினோரு வயதில் என் காதை எடுத்துக்கொண்டது, முப்பது வயதில் கண்ணையும் எடுத்துக்கொண்டது. அண்ணாச்சி லாரி மெக்கானிக்காக இருந்தவர், அறுபது தாண்டியவர். அவருக்கும் இரண்டும் இல்லை. எங்களைப் போல ஏழு பேர் சங்கத்து அறையில் சனிக்கிழமை காலையில் கூடிப் படம் பார்ப்போம். ஆமாம், பார்ப்போம் என்றுதான் சொல்வோம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

எங்கள் போனின் முதுகில் ஒரு பட்டை உண்டு. அதில் பிரெயில் புள்ளிகள் எழும்பும், அடங்கும், விரலால் தடவிப் படிப்போம். யார் பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள், அழுகிறார்களா, கதவைச் சாத்துகிறார்களா, எல்லாம் அதில் வரும். பாட்டும் சண்டையும் இடுப்பு பெல்ட்டில் அதிரும். இதையெல்லாம் செய்கிற ஆப்புக்குக் கைவிளக்கு என்று பெயர். படம் மட்டுமல்ல. செய்தி, பாட்டு, சொந்தக்காரர் அனுப்பும் வீடியோ, வாய்ஸ் மெசேஜ், எதிரே நின்று ஒருவர் பேசுகிற பேச்சு, எல்லாமே அதன் வழியாகத்தான் என் விரலுக்கு வரும். நான் டைப் செய்தால் அது எனக்காகப் பேசும். ஆறு வருஷமாக என் காது, கண், வாய் மூன்றும் அந்த ஒரு டப்பாதான்.

சங்கத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு கை போனில் இருக்க வேண்டும், மறு கை பக்கத்தில் இருப்பவர் முழங்காலில். சிரிப்பு வந்தால் விரல்களால் பிறாண்ட வேண்டும். அழுகை வந்தால் ஒரு விரலால் மேலிருந்து கீழே கோடு இழுக்க வேண்டும். தனியாகச் சிரிக்கக் கூடாது, தனியாக அழக் கூடாது. தியேட்டரில் உங்களுக்குத் தானாகக் கிடைப்பதை நாங்கள் இப்படிக் கையால் செய்துகொள்கிறோம்.

அன்று ஒரு மீனவன் படம். கடைசிக் காட்சியில் என் போனில் அவன் துபாய்க்குக் கப்பல் ஏறுகிறான், பெண்டாட்டி கையசைக்கிறாள், பெல்ட்டில் சுகமான பாட்டு. அண்ணாச்சியோ என் முழங்காலில் கோடு இழுத்துக்கொண்டே இருக்கிறார். ஒரு கோடு, இரண்டு கோடு, பத்துக் கோடு. கேலி செய்கிறார் என்று நினைத்துச் சுளீரென்று ஒன்று வைத்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். அதன் பிறகு நடந்த பேச்செல்லாம் கைக்குள் சைகையில் நடந்தது. வாயால் பேசியது போலவே எழுதுகிறேன்.

"என்ன அண்ணாச்சி, கோட்டி பிடிச்சிட்டா? அவன் துபாய்க்குல்லா போறான், அதுக்கு எதுக்கு அழுதிய?"

"எவன் துபாய்க்குப் போனான்? படகு கவுந்து செத்துட்டான். பொண்டாட்டிக்காரி கரையில கெடந்து மண்ணை வாரி எறியுதா. நீ கல்லு மாதிரி உக்காந்திருக்க!"

"பொய் சொல்லாதிய!"

"நான் ஏன்ட்டி பொய் சொல்லுதேன்? ஒவ்வொரு படத்துக்கும் பாக்கேன், சாவு வீட்டுலயும் நீ பிறாண்டிக்கிட்டுதான் இருக்க. சரி, புருசன் போனதுல மனசு மரத்துட்டுன்னு விட்டேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நானும் அவரைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன், நல்ல படத்துக்கெல்லாம் ஒப்பாரி வைக்கிற மனுஷன் என்று. இரண்டு பேரும் கையைப் பிடித்துத் திருகிக்கொண்டதில் நாற்காலி கவிழ்ந்தது. ரஹ்மத் ஓடி வந்தாள். அவள் எங்கள் சங்கத்து மொழிபெயர்ப்பாளர். கண்ணும் காதும் உள்ளவள், மேலப்பாளையத்துப் பெண், எங்கள் கைக்குள் சைகை செய்வதில் அவளைப் போல வேகம் யாருக்கும் இல்லை. இரண்டு போனையும் வாங்கிப் பார்த்தாள்.

"எக்கா," என்றாள் என் கைக்குள். "ரெண்டு பேருமே பொய் சொல்லல. ரெண்டு போன்லயும் வேற வேற கதை ஓடியிருக்கு."

"அது எப்படி?"

"ஒங்க போன்ல அமைதி நிலைன்னு ஒண்ணு போட்டிருக்கு. மனசைப் பாதிக்கிற விசயம் வந்தா, அதை இதமா மாத்தித்தான் புள்ளியில விடும். கீழ எழுதியிருக்கு, காப்பாளர் ஒப்புதலுடன்னு. ஆல்ட்ரின் அண்ணன் பேரு இருக்கு. ஆறு வருசமா ஓடுது."

ஆல்ட்ரின் என் தம்பி. அண்ணாச்சியிடமும் ரஹ்மத் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். "எனக்கு அது கெடையாது. எனக்கு யாரு இருக்கா ஒப்புதல் குடுக்க?" என்றார்.

ஆறு வருஷம்! யோசித்துப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் எனக்கு வந்த செய்தியில் ஒரு கொலை இல்லை, பஸ் கவிழவில்லை, எந்த ஊரிலும் வெள்ளம் வரவில்லை. நாடு திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கேனச்சி. தெருவில் ஒருத்தி கூட என்னைத் திட்டியதில்லை. தண்ணீர்க் குழாயில் சண்டை என்பதே இல்லை. எதிர்வீட்டுக்காரி என் வாசலில் குப்பை தள்ளும்போது கூட "வணக்கம் அக்கா" என்றுதான் புள்ளியில் வந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. அக்ஸா.

அக்ஸா என் மகள். ஒரே மகள், பத்தொன்பது வயது. திருச்சிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வாராவாரம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். பன்னிரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை.

"ரஹ்மத், அக்ஸா அனுப்பினதெல்லாம் போன்ல இருக்கும். நீ ஒன் காதால கேட்டுச் சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாம."

கேட்டாள். ஒவ்வொன்றாக என் கைக்குள் சொன்னாள்.

ஆடி மாதம் வந்ததை நான் இப்படிப் படித்திருந்தேன்: அம்மா, இன்று வார்டில் சிஸ்டர் என்னைத் தனியாகக் கவனித்துச் சொல்லித் தந்தார். அவள் சொன்னது இது: "அம்மா, ஊசி எடுத்துக் குடுக்க லேட்டாயிட்டுன்னு சிஸ்டர் நோயாளிங்க முன்னாடி என்னைய கன்னத்துல அடிச்சிட்டாங்க. தெனமும் எதுக்காவது அடிக்காங்க."

அடுத்தது, நான் படித்தது: உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, ஒரு நாள் வந்து போ. அவள் சொன்னது: "சோறு எறங்கல. தூங்கி நாலு நாளாச்சு. அம்மா, என்னைய வந்து கூட்டிட்டுப் போயிரு. இங்க இருந்தா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியல."

அதற்கு நான் அனுப்பிய பதில் நினைவிருக்கிறது. பரீட்சை முடியட்டும் கண்ணு, கிறிஸ்மஸுக்கு வா, முறுக்கு சுட்டுத் தருகிறேன் என்றேன். முறுக்கு!

கடைசியாக வந்ததை நான் படித்தது: வேலை கொஞ்சம் அதிகம், பிறகு பேசுகிறேன். அவள் சொன்னது: "ஒனக்கு மனசே கெடையாதாம்மா? அப்பா செத்தப்பவே நீயும் செத்துட்டியா? இனிமே ஒங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அதற்கும் நான் சரி கண்ணு, உடம்பைப் பார்த்துக்கோ என்று பதில் போட்டிருக்கிறேன். பெற்ற வயிறு எரிகிறது என்பார்கள். எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது.

ரஹ்மத் தன் போனிலிருந்து அக்ஸாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஹாஸ்டலுக்குப் பேசினாள். பெண் அறையில்தான் இருக்கிறாள், யாரிடமும் பேச மாட்டேன் என்கிறாள், வேண்டுமானால் தாய் பேசட்டும் என்றார்களாம். சரி, நானே பேசுகிறேன் என்று என் போனைப் பிடுங்கி டைப் செய்தேன்: அக்ஸா, எனக்கு ஒன்றும் தெரியாது, இந்த நாசமாய்ப் போன போன் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது, இப்போதே கிளம்பி வருகிறேன். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்குள் ரஹ்மத் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"எக்கா, இருங்க. ஒங்க போன் என்ன வாசிச்சுக் காட்டுது தெரியுமா? 'அன்பு அக்ஸா, நலமா, நேரம் கிடைக்கும்போது சந்திப்போம்'ங்குது."

உள்ளே வருவதை மட்டுமல்ல, வெளியே போவதையும் மாற்றியிருக்கிறது! என் கோபத்தையும் வழித்து எடுத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுத்திருக்கிறது. தெருவில் என்னைத் தங்கமான பொம்பிளை என்று சொல்வதாகத் தம்பி பெருமையாகச் சொல்லுவான். தங்கமாம் தங்கம். நான் என்றைக்குடா தங்கமாக இருந்தேன்?

ரஹ்மத் கூப்பிட்டுத் தம்பி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவன் சொன்னதை ரஹ்மத் என் மறு கையில் சொன்னாள்.

"அத்தான் கடல்ல மூழ்கிப் போனப்போ அந்தச் செய்தி வீடியோவ சங்கத்து இரவல் போன்ல நீ விடாம போட்டுப் போட்டுத் தடவிக்கிட்டே கெடந்தக்கா. ரெண்டு மாசம். சோறு இல்ல, குளி இல்ல. பச்சப்புள்ள அக்ஸா மூலையில உக்காந்து அழும். புது போன் வாங்கினப்போ காப்பாளர்ங்கிற இடத்துல பெருவிரல் வைங்கன்னாங்க, வச்சேன். அதுல என்னென்ன இருந்துச்சுன்னு எனக்கு எங்க தெரியும்? சினிமாவ மட்டும் மாத்தும்னுதான் நெனச்சேன். ஒனக்கு நல்லதுன்னுதான்…"

"எனக்கு நல்லது எதுன்னு எங்கிட்ட கேட்டியால?" என்று ரஹ்மத் மூலம் கேட்டேன். என் பிடிக்குள் அவன் சட்டை ஏறி இறங்கியது. அழுகிறான் என்று புரிந்தது. அழட்டும்.

திருச்சி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கைவிளக்கு சர்வீஸ் சென்டர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான். மகளிடம் என் சொந்த வார்த்தையில் பேச வேண்டும், இந்தச் சனியனைக் கழற்றிக் கொடு என்று கேட்கத்தான் போனேன். மூவரும் உள்ளே நுழைந்தோம். ஏசிக் குளிரும் ரோஜா மணமும் முகத்தில் வந்தன. மேலாளர் வந்து கைகுலுக்கினார். மெத்தென்ற கை. அவர் பேசியதையும் ரஹ்மத்தான் என் கைக்குள் சொன்னாள்.

"மேடம், அமைதி நிலையை எடுக்கணும்னா காப்பாளர் கையெழுத்தும் மனநல டாக்டர் சான்றிதழும் வேணும். பதினஞ்சு வேலை நாள் ஆகும்."

"காப்பாளன் இந்தா நிக்கான். இப்பவே எடும். எம்புள்ள அங்க கெடந்து சாகுது, நீரு பதினஞ்சு நாள்ங்கீரு. ஒம்ம வீட்டுப் புள்ள அழுதா இப்படித்தான் மாத்தி எழுதிப் படிப்பீரா?" என்று, அது மாற்றிவிடும் என்பதையும் கோபத்தில் மறந்து, பழக்கத்தில் போனிலேயே டைப் செய்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டியதாக ரஹ்மத் சொன்னாள். என் போன் அவரிடம், தங்கள் சேவைக்கு நன்றி, விரைவில் ஆவன செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறது.

"எக்கா," என்று ரஹ்மத் மறுபடியும் என் கையைப் பிடித்தாள். "செவத்துல ஒங்க போட்டோ இருக்கு. பெரிசா. கீழ நீங்க சொன்னதா எழுதியிருக்கு, 'கைவிளக்கு பெல்ட் என் இடுப்புக்கு இதமான கதகதப்பு தருகிறது, மனமார்ந்த நன்றி'ன்னு."

நான் எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உங்கள் பெல்ட் சூடாகி என் இடுப்பில் கொப்புளம் போட்டுவிட்டது, மாற்றித் தராவிட்டால் செருப்பால் அடிப்பேன் என்று எழுதினேன். ஒரு தடவை இல்லை, நாற்பது தடவை எழுதியிருப்பேன். நாற்பதையும் பாராட்டாக மாற்றி, ஒன்றை எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

மேலாளர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "எங்க கணக்குப்படி ஆறு வருஷத்துல உங்ககிட்டேருந்து ஒரு புகார் கூட வரல மேடம். பார்வையும் கேட்கும் திறனும் இல்லாதவங்க மனசு ரொம்ப மென்மையானது. உலகத்துல உள்ள கசடெல்லாம் அவங்க மேல எதுக்கு விழணும்? போன் காலையும் சேர்த்தே அமைதி நிலை பாத்துக்கும். அதுதான் எங்க சிறப்பு."

எனக்கு வாய் உண்டு. காது போன பிறகு பள்ளிக்கூடத்தில் நான் பேசும்போது பிள்ளைகள் ஆடு கத்துவதாகச் சொல்லிச் சிரித்தார்கள். அன்று மூடிய வாய். புருஷனிடம் சைகை, மகளிடம் உள்ளங்கையில் எழுத்து, பிறகு இந்த போன். அவளைத் தாலாட்டக்கூட நான் வாய் திறந்ததில்லை.

போனை மேசையில் வைத்தேன். வாயைத் திறந்தேன்.

"எம்மனசு மென்மைன்னு எவன்ல ஒனக்குச் சொன்னது!"

நெஞ்சு எலும்பெல்லாம் அதிர்ந்தது. பெல்ட்டில் எந்தச் சண்டைக் காட்சியும் அப்படி அதிர்ந்ததில்லை. தொண்டை கிழிகிற வரை திட்டினேன். சவத்து மூதி என்றேன். எம்புள்ள செத்திருந்தா அதையும் தூங்குதுன்னு எழுதியிருப்பியேலே என்றேன். எல்லாம் சரியாக உச்சரித்தேனா தெரியாது. ஆனால் சென்டரில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்களாம், மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டாராம். புரிந்திருக்கிறது.

போனை அங்கேயே விட்டுவிட்டு ரஹ்மத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். தம்பியை வர வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் திருச்சி. ஹாஸ்டல் வாசலில் உட்கார வைத்தார்கள். டெட்டால் மணத்தோடு யாரோ எதிரே வந்து நின்றார்கள். கையை நீட்டினேன். மணிக்கட்டு கைக்குள் வந்தது. எலும்பு மட்டும்தான் இருந்தது. அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, கையை உருவிக்கொள்ளவும் இல்லை. மரக்கட்டையாக நின்றாள்.

"அக்ஸா," என்று வாயால் கூப்பிட்டேன்.

அந்த மணிக்கட்டு துள்ளியது. பத்தொன்பது வருஷத்தில் அவள் என் குரலைக் கேட்டதே இல்லை. "ஏன்ட்டி இப்படி எளைச்சுக் கெடக்க, மூதி! ஒன்னைய அடிச்சவ எங்க? காட்டு!" என்று கத்தினேன். அவள் என் மேல் விழுந்தாள். என் கழுத்தெல்லாம் நனைந்தது. எல்லாவற்றையும் ரஹ்மத்தான் அவளுக்கு விளக்கினாள். அந்த சிஸ்டரைப் பற்றிக் கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்தோம். நான் என் வாயாலும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அன்று ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் அவளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினோம்.

மதுரையில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகு அவள் என் உள்ளங்கையை விரித்தாள். சின்ன வயதில் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தாள். போன் வந்த பிறகு அவள் என் கையில் எழுதியதே இல்லை.

"மாமா மேல கோவப்படாதம்மா. மாமா பெருவிரல் மட்டும்தான் வச்சாங்க. அமைதி நிலை வேணுமா வேண்டாமான்னு கேட்டப்போ வேணும்னு அழுத்தினது நான்."

அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. மேலும் எழுதினாள். "நீ அப்பா வீடியோவ தடவித் தடவி அழுவதப் பாத்து எனக்குப் பயமா இருந்துச்சு. நீ அழக் கூடாதுன்னு நெனச்சேன். அப்படி ஒண்ணு போட்டதே எனக்கு மறந்துபோச்சு."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

உங்களுக்கு அது சாதாரணம். எங்களுக்குள் ஒருவர் கையை இழுத்துக்கொண்டால், எதிரே இருப்பவர் வாயைப் பொத்திக் கதவையும் சாத்திவிட்ட மாதிரி. எங்கள் சங்கத்தில் எவ்வளவு பெரிய சண்டையிலும் யாரும் அதைச் செய்வதில்லை. நான் என் மகளுக்குச் செய்தேன். அவள் மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். கொதித்தது. இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் தோளைத் தொட்டாள், முழங்கையைத் தொட்டாள். அசையவில்லை. பஸ் எங்கேயோ நின்றது, கிளம்பியது. அவள் தொடுவதை விட்டுவிட்டாள்.

மறுபடி பஸ் நின்றபோது வெள்ளரிக்காய் வாசம் வந்தது. சாத்தூர். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பக்கத்தில் அவள் இருக்கிறாளா என்று கூட எனக்குத் தெரியவில்லை. கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போ என்று அவள் கேட்ட நாலு மாதமும் நான் இந்தப் பக்கம் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். இப்போது போனும் இல்லை, அமைதி நிலையும் இல்லை, அதே வேலையை நானே செய்கிறேன்.

கையை வெளியே எடுத்து அவள் மடியில் விரித்து வைத்தேன்.

"எழுதுட்டி," என்றேன் வாயால். "நாலு மாசமா எனக்கு வராததெல்லாம் எழுது. எம்மேல உள்ள கோவத்தையும் எழுது. ஒண்ணையும் மாத்தாத."

எழுதினாள். அடி எழுதினாள், பசி எழுதினாள், மொட்டை மாடிக்கு ஏறிப் போய்விட்டுத் திரும்பி வந்ததை எழுதினாள். நீ ஒரு அம்மாவா என்று எழுதினாள். அழுத்தி எழுதினாள், நகம் பதிந்தது. கோவில்பட்டி வருவதற்குள் உள்ளங்கை எரிய ஆரம்பித்துவிட்டது.

மற்றக் கையை நீட்டினேன்.